மே ஒன்: இன்மையா, அன்மையா?

மேலை மெய்யியலில் இருப்பியலுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசப்படும் 'மீயான்டாலஜி' என்னும் கலைச்சொல்லை 'இன்மையியல்' எனப் பெயர்ப்பது எளிது. அதன் கிரேக்க வேர்களை நோக்கின், அவ்வெளிமை ஐயத்திற்குரியதாகிறது.

'ஒன்' என்பதற்கு 'உள்ளது' என்பது பொருள். முன் நிற்கும் 'மே' எதிர்மறை இடைச்சொல். கிரேக்கத்தில் இத்தகைய இடைச்சொற்கள் இரண்டு உள. உள்ள நிலையை மறுத்துரைக்க 'ஊ' (உயிர்முன் 'ஊக்') வரும். விலக்கல், விழைவு, நிபந்தனை ஆகிய இடங்களிலும், இன்னதென்று சுட்டாது பொதுமையில் 'இல்லாதது எதுவோ அது' எனும்போதும் 'மே' வரும்.

இவ்விலக்கண வேறுபாட்டைப் பிற்காலத்தார் மெய்யியல் வேறுபாடாக வளர்த்தனர். ஷெல்லிங் இவ்விரண்டையும் பிரித்துக் கண்டார். பால் டில்லிக், 1951இல் வெளிவந்த தம் முறைசார் இறையியலின் முதல் தொகுதியில், இருப்போடு உறவுடைய இன்மையை 'மே ஒன்' என்றும், எவ்வுறவுமற்ற வெறுமையை 'ஊக் ஒன்' என்றும் வகுத்தார். இது கிரேக்க மொழியே வழங்கிய வாய்ப்பு என்பது அவர் கருத்து.

இப்பாகுபாட்டைப் பிளேட்டோவின்மீது ஏற்றிப் படித்தல் பொருந்தாது. அறியவோ சொல்லவோ இயலாததெனப் பார்மெனிடிஸ் விலக்கிய இன்மையும் 'மே' கொண்டே குறிக்கப்படுகிறது. பிளேட்டோவின் 'சோபிஸ்ட்' உரையாடலில் முற்றிலும் இல்லாததைச் சுட்டும் 'மேதமோஸ் ஒன்' என்பதிலும் 'மே'யே உள்ளது. ஆங்கு வேறுபாட்டை உண்டாக்குவது இடைச்சொல்லன்று, வாதம். 'பெரிதன்று' என்றால் சிறிது என்றே பொருளாகாது, சமமானதாகவும் இருக்கலாம். அதுபோல 'மே ஒன்' இருப்பின் எதிர்மறையன்று, இருப்பினும் வேறானது என்கிறது அவ்வுரையாடல். இயக்கம் நிலையன்று, ஆயினும் இயக்கம் உண்டு.

தமிழ் இவ்விரண்டையும் சொல்லளவிலேயே பிரித்துவைத்துள்ளது. தொல்காப்பிய வினையியல் அன்மையையும் இன்மையையும் தனித்தனியே எண்ணுகிறது. 'இயக்கம் நிலையன்று' என்பது அன்மை; 'இயக்கம் இல்லை' என்பது இன்மை. பிளேட்டோ நெடிய வாதத்தால் நிறுவ வேண்டியிருந்ததைத் தமிழ் வாசகர் இலக்கணத்திலேயே எதிர்கொள்கிறார். இது வசதி மட்டுமன்று, இடருங்கூட: மூலத்தில் 'மே ஒன்' என்னும் ஒரே தொடர் பொருள் மாறிச் செல்வதே சிக்கலின் உயிர். தொடக்கத்திலேயே 'அன்மை' எனப் பெயர்த்தால் சிக்கல் எழாது; இறுதிவரை 'இன்மை' என்றே பெயர்த்தால் அதன் தீர்வு விளங்காது.

டில்லிக்கின் இணைக்கோ இத்தமிழ் இணை உதவாது. அவருடைய 'மே ஒன்' வேறாதல் மட்டுமன்று, இருப்பை எதிர்த்து நிற்பதும் ஆகும். அவர் வகுத்த இரண்டும் இன்மையின் வகைகளே. 'சார்பின்மை' என்னும் சொல்லும் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குவதால், 'உறவுடை இன்மை', 'உறவில் இன்மை' என விரித்தே சொல்ல வேண்டியுள்ளது.