முட்டை வெள்ளைக்கருவில் ஒரு கண் ஆபரேஷன்

உங்க வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா? இருந்தா இது உங்களுக்கான கட்டுரை. இல்லைன்னாலும் படிங்க, இதுல ஒரு நல்ல இன்ஜினியரிங் கணக்கு ஒளிஞ்சிருக்கு.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. நம்ம கேமராவோட சென்சார் மாதிரி. பல வருஷம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போனால், அங்கிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், அடைபடும். ரத்தம் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளர்க்கத் தொடங்கும். ஆனால் அவை லேசாக இழுபட்டாலே உடைகிற ரகம். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தழும்பாக இறுகினால் விழித்திரையையே பெயர்த்துவிடும்.

ரத்தம் கலப்பது, கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லியில். அதில் சுமார் 99% தண்ணீர்தான். ஆனால் அதன் கொலாஜன் இழைகள் விழித்திரையைப் பிடித்திருக்கும். சும்மா ஊசி போட்டு உறிஞ்சினால் விழித்திரையும் சேர்ந்து கிழியும். அப்போ, இழுக்காமல் எப்படி எடுப்பது?

அமெரிக்காவின் மயாமியில் டாக்டர் ராபர்ட் மாக்கமர் கண்ட விடை சிம்பிள்: முதலில் வெட்டு, அப்புறம் உறிஞ்சு. அவர் சோதித்துப் பார்த்தது முட்டை வெள்ளைக்கருவில்! கருவியைச் செம்மைப்படுத்தியதில் ழான்-மரி பாரெல் என்ற இன்ஜினியருக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டுவது, உறிஞ்சுவது, கண் சுருங்காமல் இருக்க எடுத்த அளவுக்குத் திரவத்தை உள்ளே விடுவது, மூன்றையும் ஒரே கருவி செய்தது. 1970-ல் அதை முதலில் பயன்படுத்தியது, கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு. இதுதான் விட்ரெக்டமி.

இன்றைக்கு அரை மில்லிமீட்டர் அளவில் மூன்று துளைகள் போதும்: திரவத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, கட்டருக்கு ஒன்று. கட்டர் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு கடியும் சின்னதாகும், விழித்திரை மீதான இழுப்பும் குறையும். பிறகு தழும்புப் படலத்தை உரித்து, லேசர் வைப்பார்கள். தேவைப்பட்டால் விழித்திரை ஒட்டி நிற்க வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது. ஏன்? பாயில் விதி ஞாபகம் இருக்கா? மேலே காற்றழுத்தம் குறைந்தால் வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் எகிறும்.

ஆனால் ஒண்ணு. இந்த ஆபரேஷன் ரத்தத்தை அகற்றும், இழுப்பை விடுவிக்கும். செத்துப்போன விழித்திரையை உயிர்ப்பிக்காது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பலருக்கு லேசர், ஊசி மருந்தோடு முடிந்துவிடும். சிக்கல் என்னன்னா, ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. "எனக்குத்தான் நல்லா தெரியுதே"ன்னு சொல்றவங்களுக்கும் உள்ளே கசிவு இருக்கலாம்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது போதாது. சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரித்து, விழித்திரையை டாக்டர் பார்க்கணும், வருஷத்துக்கு ஒரு முறையாவது. இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும் அப்பா அம்மாகிட்ட கேளுங்க: "கடைசியா எப்போ விழித்திரையைக் காட்டினீங்க?" பதில் வரலைன்னா, நீங்களே கூட்டிட்டுப் போங்க.