செஞ்சியில் நூடுல்ஸ் தேடாதீங்க!

குட்டீஸ், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டில் முதல் பேச்சு என்ன? 'இந்த லீவுக்கு எங்கே போகலாம்?' என்பதுதானே! சிலர் பாட்டி ஊருக்குக் கிளம்புவீர்கள். சிலர் ஊட்டி, கொடைக்கானல். இன்னும் சிலருக்கு அப்பா சிங்கப்பூருக்கோ, மலேசியாவுக்கோ விமான டிக்கெட்டே எடுத்து வைத்திருப்பார்.

போகிற இடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பெரிய பட்டியல் போடுகிறோம். என்ன சாப்பிட வேண்டும் என்று யாராவது பட்டியல் போடுகிறோமா? ஊஹூம்! பையில் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட், இரண்டு பாட்டில் கலர் பானம். ஓட்டலில் உட்கார்ந்தால், 'எனக்கு நூடுல்ஸ்!' விமானத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போயும், நம் தெருமுனைக் கடையில் கிடைப்பதையே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அந்த ஊரைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதை, அவர்கள் சாப்பிடும் நேரத்தில், அவர்கள் சாப்பிடுவது போலவே சாப்பிடுவது ஒரு கலை. அதைப் பழக பாஸ்போர்ட் வேண்டாம். செஞ்சிக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்!

ஏன் செஞ்சி? 2025 ஜூலையில், 'மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்றே ஒன்று நம்முடைய செஞ்சி! வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதுதான் 'வெளிநாடு'. அவர்கள் வந்து, 'இங்கே உள்ளூர்க்காரர்கள் வெயில் காலத்தில் என்ன சாப்பிடுவார்கள்?' என்று கேட்டால், உங்களுக்குப் பதில் தெரியுமா?

வாருங்கள், கோட்டைக்குள்ளேயே தொடங்குவோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை இது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் பீரங்கி எங்கே என்று தேடுவார்கள். நீங்கள் களஞ்சியத்தைத் தேடுங்கள். உயரமான சுவர், வளைந்த கூரை, உள்ளே கும்மிருட்டு. தானியம் சேர்த்து வைத்த இடம் அது. கிருஷ்ணகிரியின் மேலே எண்ணெய் சேமிக்கக் கல்லால் கட்டிய தொட்டி கூட உண்டு. கீழே செட்டிக்குளம், சக்கரைக்குளம் என்று தண்ணீருக்குக் குளங்கள். ஒரு கோட்டைக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

1677ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690ல் கோட்டையை முற்றுகையிட்டார். அது முடிந்தது எப்போது தெரியுமா? 1698ல்! இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து, முகலாய முகாமுக்கு உணவு வரும் வழியையே அடைத்துவிட்டன. கோட்டையைச் சுற்றி வளைத்தவர்களே பட்டினி! 1693ன் தொடக்கத்தில் சுல்பிகார் கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுபடி வந்துதான் பிடித்தார். ஒரு ஊரில் என்ன விளைகிறது, அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பது சின்ன விஷயமா என்ன?

சரி, இப்போது பசிக்கிறதா? மலை ஏறியவர்களுக்குப் பசி அல்ல, தாகம்தான் முதலில் வரும். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம். மே மாத வெயிலில் பாறை சுடும். ஆகவே விடிந்தவுடன் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுங்கள். கையில் தின்பண்டத்தை ஆட்டிக்கொண்டே நடக்காதீர்கள். அங்கிருக்கும் குரங்கார்கள் 'தா' என்று கேட்க மாட்டார்கள், எடுத்துக்கொள்வார்கள்!

இறங்கியதும் உள்ளூர்க்காரர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். சாலையோரத்தில் ஒரு மண் பானை. பக்கத்தில் தட்டு நிறைய சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று. அதுதான் கூழ். கேழ்வரகுக் கூழ் அல்லது கம்பங்கூழ். 'அய்யே, கூழா?' என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வெயிலில் வேர்வையாகப் போவது வெறும் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். மோரும் உப்பும் தண்ணீரும் கலந்த கூழ் இரண்டையும் திருப்பிக் கொடுத்து, வயிற்றையும் நிரப்பிவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசி இந்தப் போட்டியில் பக்கத்தில் கூட வர முடியாது. ஆனால், 300 மில்லி லிட்டர் கோலா குடித்தால் உள்ளே போவது சுமார் 30 கிராம் சர்க்கரை. குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி தாகம்!

அடுத்து நுங்கு. செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பனைமரம் தெரியும். பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நுங்குக் காலம். கப்பில் போட்டு ஸ்பூனோடு கொடுத்தால் அது பட்டணத்து நுங்கு. ஊர்க்காரர்கள் சாப்பிடும் முறை வேறு. சீவிய காயைக் கையில் வாங்கி, கட்டை விரலைக் கண்ணுக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பி, அப்படியே வாயில் உறிஞ்ச வேண்டும். சட்டையில் தண்ணீர் தெறிக்கும், பரவாயில்லை. சாப்பிட்டு முடித்த இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியில் கோத்தால் வண்டி தயார். எந்த பீட்சா கடையிலும் சாப்பிட்ட பிறகு இப்படி ஒரு பொம்மை கிடைக்காது!

பதநீர் வேண்டுமென்றால் காலையிலேயே எழ வேண்டும். பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதனால்தான் இனிப்புச் சாறு புளிக்காமல் இருக்கிறது. சுண்ணாம்பு தடவாவிட்டால் அது கள்ளாக மாறிவிடும். வெயில் ஏற ஏறப் பதநீரின் ருசி கெடும். எனவே, மதியம் 12 மணிக்கு, 'பதநீர் இருக்கா அண்ணே?' என்று போய் நின்றால் நீங்கள் வெளியூர் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்!

திண்டிவனம் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் தர்பூசணிக் குவியல். விழுப்புரம் மாவட்டத்தில் வேர்க்கடலையும் நிறைய விளைகிறது. உப்புப் போட்டு அவித்த கடலையை ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் வரை அது வரும்.

அந்த அடுத்த ஊர், தளவானூர். செஞ்சி வட்டாரத்தில் இருக்கும் அமைதியான கிராமம். இங்கே ஒரு பாறைக் குன்றைக் குடைந்து, சத்ருமல்லேஸ்வரம் என்ற குடைவரைக் கோவிலை 7ம் நூற்றாண்டில் உருவாக்கினார் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். சத்ருமல்லன் என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று. வாசலில் இரண்டு பக்கமும் காவலர்கள், மேலே மகர தோரணம். செங்கல் ஒன்று கூட வைக்காமல் பாறையிலேயே செதுக்கியது. உள்ளே போனால் வெயிலுக்கு இதமாகச் சில்லென்று இருக்கும்.

இங்கே வெளியில் நிழலில் உட்கார்ந்து, உங்கள் கடலைப் பொட்டலத்தைப் பிரியுங்கள். இப்போது ஒரு கேள்வி. இந்தக் கோவிலைச் செதுக்கிய சிற்பிகள் மதியம் இதே வேர்க்கடலையைக் கொறித்திருப்பார்களா?

வாய்ப்பே இல்லை! வேர்க்கடலை தென் அமெரிக்காவில் பிறந்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை. கொலம்பஸ் 1492ல் அங்கே போன பிறகுதான், போர்ச்சுகீசியர் போன்றவர்களின் கப்பல்களில் இவை நம் பக்கம் வந்தன. மகேந்திரவர்மன் காலத்துச் சாப்பாட்டில் காரத்துக்கு மிளகு. தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலைச் சட்னி எதுவும் அந்த ராஜாவுக்குக் கிடையாது. பாவம்! கூழுக்கு ஆதாரமான கேழ்வரகின் பூர்வீகம் கூட ஆப்பிரிக்காவின் மலைப்பகுதிகள்தான். ஆனால், அது மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்துவிட்டது. இன்று 'நம்ம ஊர்ச் சாப்பாடு' என்று நாம் சொல்வதில் எத்தனை நாட்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.

செஞ்சியில் பழகியாயிற்றா? இனி விமானம் ஏறலாம்.

முதலில் இலங்கை. யாழ்ப்பாணத்திலும் கூழ் உண்டு. ஆனால், அது ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த மாவில், மீன், நண்டு, இறால், காய்கறி எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பனை ஓலையை மடித்துச் செய்த 'பிளா'வில் ஊற்றி, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். அதே பனை, அதே கூழ் என்ற பெயர், ருசி மட்டும் முற்றிலும் வேறு!

மலேசியாவில் காலையில் நாசி லெமாக் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் வேக வைத்த சோறு, காரமான சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு. சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டர் எனப்படும் பொது உணவுக்கூடங்களுக்குப் போக வேண்டும். சீன, மலாய், தமிழ்ச் சமையல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இந்த உணவுக்கூடப் பழக்கத்தையே 2020ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எந்தக் கடையில் வாங்குவது என்று குழப்பமா? உள்ளூர்த் தாத்தா, பாட்டிகள் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள்.

துருக்கி வரை போகிறீர்களா? வெயிலுக்கு அங்கே 'ஐரான்' என்று ஒன்று கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்ததும், 'அட, நம்ம உப்பு மோர்!' என்று சொல்வீர்கள். எத்தியோப்பியாவில் 'இன்ஜெரா' என்பது டெஃப் என்ற குட்டித் தானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடும் பெரிய தோசை மாதிரி. அதன் மேலேயே குழம்புகளை வைத்து, எல்லோரும் ஒரே தட்டில் கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பிரியமானவர் வாயில் ஒரு கவளம் ஊட்டி விடுவதும் அங்கே மரியாதை. ஸ்பெயினில் மதியச் சாப்பாடே 2 மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு 9 மணிக்கும் மேல். நம் வழக்கப்படி 12 மணிக்கே வயிற்றில் மணி அடித்தால், ஒரு வாழைப்பழம் கைவசம் இருக்கட்டும்.

ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடலாம். நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சலாம், யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால், குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படிச் செய்வார்கள். நம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து இலையைத் தலைகீழாகப் போட்டு உட்கார்ந்தால் பாட்டிக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதிலெல்லாம் ஒரு எச்சரிக்கை உண்டு, குட்டீஸ். 'உள்ளூர் உணவு' என்பதற்காகக் கண்டதையும் வாயில் போடக் கூடாது. கண் முன்னே சூடாகச் சமைத்தது நல்லது. தோல் உரித்துச் சாப்பிடும் பழம் நல்லது. எப்போது வெட்டியதென்று தெரியாத பழத்துண்டு, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் இரண்டும் வேண்டாம். கூழ் கடையிலும் தண்ணீர் சுத்தமா என்று பெரியவர்களை விட்டுக் கேளுங்கள். வேர்க்கடலை, இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாசி லெமாக்கில் கடலை இருக்கிறதே! சைவக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். தாய்லாந்திலும் வியட்நாமிலும் காய்கறிக் குழம்பில் கூட மீன் சாறு சேர்ப்பார்கள். ஜப்பானில் சூப்பின் அடிப்படையே பெரும்பாலும் மீன்தான். 'காய்கறி மட்டுமா?' என்று கேட்டால் போதாது, 'மீன் சாறு கூட வேண்டாம்' என்று சொல்ல வேண்டும்.

லீவுக்கு எங்கும் போகவில்லை என்று உதடு பிதுக்குபவர்களுக்கு, வீட்டிலேயே செஞ்சி! ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை இரவில் தண்ணீர் விட்டுக் கரைத்து மூடி வையுங்கள். காலையில் கால் டம்ளர் அரிசி நொய்யை நிறையத் தண்ணீரில் குழைய வேக வைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளற வேண்டும். அடுப்பு வேலை அம்மாவோ, அப்பாவோ செய்யட்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால், மறுநாள் காலை கரைக்கலாம். அப்போது உங்கள் முறை. உருண்டையை மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கையாலேயே கரையுங்கள். இரண்டு ராத்திரி பொறுமை வேண்டும். மாங்காய்க் கீற்று வாங்க மறந்துவிடாதீர்கள்!