கனடாக் குடியுரிமை: நாட்கணக்கு தவறினால்…

பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து மூன்று வருடம் ஆகிவிட்டதா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அது மட்டும் போதாது. கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் நீங்கள் கனடாவில் தங்கியிருக்க வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்தால் அந்த நாட்கள் கழியும். புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் மட்டும் கழியாது.

பி.ஆருக்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், உச்சவரம்பு 365. இரண்டு ஆண்டு படித்து முடித்த கையோடு பி.ஆர். பெற்றவர், அதன்பின் வெளியே போகாமல் இரண்டு ஆண்டு இருந்தாலே கணக்கு நேராகிவிடும். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலம் சேராது. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் அரை நாள் கணக்குத் தொடங்கும். சிறையில் கழித்த நாட்களும் சேரா.

வரித் தாக்கல் செய்யும் கடமை உள்ளவர்கள் அந்த ஐந்தில் மூன்று ஆண்டுகளுக்காவது செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயதுவரை ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு அறிவுக்குச் சான்று தேவை; தேர்வும் உண்டு. 20 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் தேர்ச்சி.

எங்கே ஆபத்து?

அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். பெற்றவர்கள், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து யாழ்ப்பாணம் போய்வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அரசு வழக்காடலாம். அகதி நிலை அப்படி நீக்கப்பட்டால், 2012இல் வந்த சட்டத் திருத்தப்படி பி.ஆரும் சேர்ந்து போகலாம். கலியாணமோ சாவீடோ, வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

பயணத்தை மறைப்பதும் வினைதான். எல்லைக் காவல் துறையிடம் போக்குவரத்துப் பதிவுகள் உண்டு. பொய் தெரியவந்தால் ஐந்து ஆண்டுத் தடை. கிடைத்த குடியுரிமையும் பறிபோகலாம். விண்ணப்பத்தை ஒரு முகவர் நிரப்பினாலும் கையெழுத்துக்குப் பொறுப்பு நீங்களே. காசு வாங்கும் ஆலோசகருக்கு உரிமம் உண்டா என்று ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பதிவேட்டில் பாருங்கள்.

மறுத்தால்?

நாட்கள் குறைந்திருந்தால், நிறைந்தபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். முடிவே தவறென்றால் 30 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம்.

இன்னொன்று: இந்தியர்கள் கனடியரானால் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும், பழைய கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். இலங்கையர் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்கலாம்.

பயணத் தேதிகளை அவ்வப்போது எழுதி வையுங்கள். 1,095 நிறைந்த அன்றே ஓடாமல், சில வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். சத்தியப்பிரமாணம் எடுக்கும்வரை நீங்கள் பி.ஆர். மட்டுமே.