இரண்டாவது சேணம் வாங்குமுன் முதுகைப் பாருங்கள்

முதல் சேணத்தைப் பலரும் கையிலிருக்கும் காசுக்கு ஏற்றாற்போலத்தான் வாங்குகிறார்கள். தெரிந்தவர் விற்கிறார், விலை படிகிறது, வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டாவது சேணத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. முதல் சேணத்தைச் சுமந்த முதுகே நமக்குச் சாட்சியாக நிற்கிறது.

என்னிடம் இருக்கும் குதிரை முத்து, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பந்தயச் சேணம் ஒரு கிலோகூடத் தேறாது. ஜாக்கியும் அங்கவடியில் எழுந்து நின்றபடிதான் ஓட்டுவார். சவாரிச் சேணமோ ஆறேழு கிலோ. அதன்மேல் ஆளும் உட்கார்ந்துகொள்கிறோம். அவனுக்குத் தடை தாண்டப் பழக்கத் தொடங்கியபோது இன்னொரு சேணம் தேவைப்பட்டது.

தரையில் நடைபழக்கும் டிரெஸ்ஸாஜ் சவாரிக்கான சேணத்தின் பக்கத்தோல் நேராகக் கீழிறங்கும். காலை நீட்டி உட்காரலாம். தாண்டும்போது அங்கவடியைக் குட்டையாக்குவதால் முழங்கால் முன்னே வந்துவிடும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி, தாண்டும்போது பின்னால் சாயாமல் குதிரையோடு முன்னோக்கிப் போகக் கற்றுக்கொடுத்தார். இன்றைய ஜம்பிங் சேணத்தின் பக்கத்தோல் முன்தள்ளியிருப்பது அந்த உட்காரும் முறைக்காகத்தான்.

கடைக்குப் போகுமுன் பழைய சேணத்தின் தடங்களைப் படித்துவிட வேண்டும். எங்கள் குதிரைக்கார அண்ணன் சேணத்தை இறக்கியதும் துணியை எடுக்க மாட்டார். "இருங்கம்மா, மொதல்ல வேர்வையப் பாத்துக்குங்க, அப்புறம் தொடைக்கிறேன்" என்பார். இருபுறமும் சீராக நனைந்திருந்தால் நல்லது. நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அல்லது சேணம் அங்கே படாமலே இருந்திருக்கலாம். விரலால் அழுத்தும்போது குதிரை முதுகைத் தாழ்த்தினால் அங்கே வலி இருக்கலாம். புதிதாக முளைத்த வெள்ளை முடி, சில மாதங்களுக்கு முன்பே மயிர்க்கால் நசுங்கியதற்கு அடையாளம்.

அடுத்தது அளவு. தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால் வளையும் கம்பியை முதுகின்மேல் அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். தையற்காரரிடம் கொடுக்கும் அளவு ரவிக்கை போலத்தான் இதுவும். பழையதைக் கொடுத்தால் பழைய உடம்புக்கே தைத்து வரும். பந்தயத்தை விட்டு வந்த குதிரைக்குச் சில மாதப் பயிற்சியிலேயே முதுகில் சதை பிடிக்கும். அதனால் அட்டையில் தேதி எழுதி வையுங்கள்.

சேணத்தை முதலில் மெத்தை விரிப்பு இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். முன்கால் நீளும்போது தோள் எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகரும். சேணத்துக்குள் இருக்கும் சட்டம் அதற்கு இடம்விட்டுப் பின்னால் அமர வேண்டும். பக்கத்தோல் முன்தள்ளியிருக்கிறதே என்று ஜம்பிங் சேணத்தைத் தோள்மேல் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அது குதிரையின் நடையையே குறுக்கிவிடும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. கழுத்தடி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின்மேல் எங்கும் படக் கூடாது. அடியில் கையை விட்டுத் தடவும்போது நடுவில் இடைவெளி தென்பட்டால், பாரமெல்லாம் நான்கு மூலையில் இறங்குகிறது என்று பொருள். இறுக்கமான சேணத்துக்குத் தடித்த விரிப்பு போட்டால் இறுக்கம்தான் கூடும்.

நம் நாட்டில் சேணத் தொழிலுக்குப் பேர்போன ஊர் கான்பூர். அவ்வூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. எந்த ஊர்ச் சேணமானாலும், பழையதாக வாங்கினால் முன்முனையையும் பின்முனையையும் பிடித்து நெருக்கிப் பாருங்கள். நடுவில் மடங்கினாலோ கிறீச்சிட்டாலோ சட்டம் உடைந்திருக்கலாம். விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடைசியாக, அதே அட்டையைப் பழைய சேணத்துக்கும் வைத்துப் பாருங்கள். அது பொருந்தவில்லையென்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். தடை தாண்டுவதைச் சில மாதம் தள்ளிப்போடலாம். அன்றாடச் சவாரியைக் குதிரை அந்தப் பழைய சேணத்தோடுதானே சுமக்கிறது.