உங்களுக்குத் தெரியுமா? பழைய கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ்.?

● விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதற்காகக் கம்ப்யூட்டர் நின்றுபோகாது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு, புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தர ஆள் இல்லை.

● சரி, விண்டோஸ் 11-க்குத் தாவலாமா? அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016-ல் வாங்கியது குதிரை மாதிரி ஓடினாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

● விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம்! 8 ஜி.பி. பென் டிரைவில் அதை ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டுங்கள் (சில பிராண்டுகளில் எஸ்கேப் அல்லது எஃப்9). வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, பிரிண்டர் பேப்பரை இழுக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா? பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

● லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜி.பி. ரேம், 20 ஜி.பி. இடம் போதும், 4 ஜி.பி. ரேம் இருந்தால் சுகம். மெனு பட்டன் இடது மூலையில், டாஸ்க் பார் கீழே. விண்டோஸில் பழகிய தாத்தாவும் தடுமாற மாட்டார். இதன் பதிப்புகளுக்கு அகரவரிசையில் பெண்களின் பெயர்தான்: லிசா, மாயா, நாடியா, ஒலிவியா...

● பப்பி லினக்ஸ் சில நூறு எம்.பி.தான். மொத்தமும் ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கம்ப்யூட்டரிலும் ஓடும்.

● யூடியூப், ஈமெயில் தவிர வேறு வேலை இல்லாத வீட்டுக்கு கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் பொருந்தும். ஆனால் பிளே ஸ்டோர் கிடையாது. போனில் இருக்கும் ஆப்களை இதில் தேடாதீர்கள்.

● தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு இருந்த ‘போஸ்’ நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. அதற்கு அடிப்படை டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். டெப்ரா என்ற காதலியின் பெயரையும் தன் பெயரான இயனையும் சேர்த்து, இயன் மர்டாக் 1993-ல் வைத்த பெயர்!

● வீட்டில் டேலியில் கணக்கு எழுதுகிறவர் இருந்தால் அவசரப்படாதீர்கள். விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ‘வைன்’ என்ற இடைத்தரகர் சிலவற்றை ஓட்டும், சிலவற்றில் கையை விரிக்கும்.

● ஓ.எஸ். மாற்றியும் ஆமை வேகமா? குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள்.

● இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று ஒரு வாய்ப்பு வரும். அது உங்கள் கல்யாண போட்டோக்களையும் சேர்த்தே அழிக்கும். முதலில் காப்பி, பிறகு கிளிக்!