மலைக்கு ஒரு பழைய குட்டி டிராக்டர்!

டிராக்டர்னாலே தஞ்சாவூர் ஞாபகம்தான் வரும். ஆனா, இந்த வாரம் மேட்டர் கொடைக்கானல். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சின்னு மேல்மலைப் பக்கம் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் நண்பர்களே... உங்களுக்குத்தான் இது!

ஊரிலிருந்து அப்பா போன் பண்றார். "கொத்தி விட ஆள் கிடைக்கல தம்பி. கீழ ஒருத்தர்கிட்ட பழைய மினி டிராக்டர் வருது. வாங்கலாமா?" வீட்டில் காலேஜ் வாசலை மிதிச்ச ஒரே ஆள் நீங்கதான். நீங்க படிக்கிறது பி.காமா இருந்தாலும் கேள்வி உங்ககிட்டதான் வரும். 'எனக்கென்னப்பா தெரியும்'னு நழுவிடாதீங்க. பூண்டு வித்த காசு அது. தப்பான வண்டியில் போட்டா, அடுத்த செமஸ்டர் ஃபீஸே இடிக்கும்.

மினி டிராக்டர்னா தோராயமா 15-லிருந்து 25 ஹெச்.பி. வரைக்கும். மஹிந்திரா யுவராஜ் 215 ஒத்தை சிலிண்டர், 15 ஹெச்.பி. வி.எஸ்.டி.யின் எம்.டி. 180டி மூணு சிலிண்டர், 18.5 ஹெச்.பி. குபோட்டா நியோஸ்டார் பி2441-க்கு 24. ஆனா, இந்த நம்பரெல்லாம் சமவெளிக் கணக்கு. மலைக்கு வந்தா மாறும். எப்படின்னா, கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைஞ்சிடும். டர்போ இல்லாத சின்ன இன்ஜின் தனக்குக் கிடைக்கிற காற்றை வெச்சுத்தான் டீசலை எரிக்கணும். காற்று குறைஞ்சா பவரும் குறையும். 18.5 ஹெச்.பி. வண்டி பூம்பாறையில் ஏறக்குறைய 15 ஹெச்.பி. வண்டிதான். பம்ப்போ கீழே ஊத்தின அதே அளவு டீசலை ஊத்திட்டு இருக்கும். எரியாத மிச்சம் கறுப்புப் புகையா வெளியே வரும். உடனே 'இன்ஜின் போச்சு'ன்னு பயப்பட வேண்டாம். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. அப்புறம் மெக்கானிக்கிட்ட பம்ப்பை செட் பண்ணச் சொல்லுங்க.

ரேடியேட்டருக்கும் இதே கதைதான். அந்த உயரத்தில் வெறும் தண்ணி 100 டிகிரிக்குக் காத்திருக்காது, 93 டிகிரி பக்கத்திலேயே கொதிச்சிடும். அதைத் தடுக்கிறது ரேடியேட்டர் மூடிதான். உள்ளே பிரஷரை ஏத்தி, கொதிநிலையைத் தள்ளிப் போடுது. அதிலிருக்கிற ரப்பர் வெடிச்சிருந்தா மேட்டில் உழும்போது வண்டி கொதிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுற ஊர் வேறயா... பச்சைத் தண்ணி வேண்டாம், கூலன்ட் ஊத்துங்க. பேட்டரியும் வீக்கா இருந்தா அந்தக் குளிரில் காலையில் எழுந்திருக்காது, நம்மளை மாதிரியே!

சரி, வண்டி பார்க்கப் போறீங்க. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி இன்ஜின் மேலே கையை வைங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். 'டீ குடிச்சிட்டு வர்றோம்ணே'ன்னு சொல்லிட்டுப் போய், ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பழைய வண்டியோட குணம் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கு, கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க. ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா லேசா மூச்சு வரலாம். குபுகுபுன்னு புகை தள்ளினா ரிங், லைனர் தேய்ஞ்சாச்சு. ரொட்டவேட்டரை லிஃப்ட்டில் தூக்கி, ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. அது கண்ணுக்கு முன்னாடியே சர்ருனு கீழே இறங்கினா ஹைட்ராலிக் வேலை காத்திருக்கு.

மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சு, ஸ்டீயரிங் கால் சுத்து சும்மா ஆடி, மீட்டர் மட்டும் 600 மணி நேரம் காட்டினா யார் பொய் சொல்றாங்கன்னு சொல்லணுமா என்ன?

பேப்பர் விஷயத்தில் காலேஜ் படிப்பு கை கொடுக்கும். ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிறதோட பொருந்தணும். ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருந்தா, கடன் முடிஞ்சதுக்கு படிவம் 35 வேணும். பெயர் மாத்த 29, 30. வெளி மாநில வண்டின்னா தடையில்லாச் சான்றுக்கு 28. 'பேப்பர் அப்புறம் தர்றேன் தம்பி'ன்னு யார் சொன்னாலும் பணமும் அப்புறம்தான். இன்னொண்ணு, அரசு மானியமெல்லாம் புது மெஷினுக்குத்தான். பழைய வண்டிக்கு மானியம் வாங்கித் தர்றேன்னு புரோக்கர் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. உதிரி பாகம் கிடைக்குமா? ஜப்பான் நெல் வயலில் ஓடித் தேய்ஞ்ச குபோட்டா குட்டி டிராக்டர்களை வியாபாரிகள் அமெரிக்காவுக்குக் கொண்டு போய் வித்தாங்க. விலை சல்லிசு. ஆனா எச்சரிக்கை ஸ்டிக்கரெல்லாம் ஜப்பானிய மொழியில். அமெரிக்காவுக்குன்னு செஞ்ச மாடல்களோட பாகங்களும் சில இடத்தில் வேற. டீலர்களால் அதுக்கு ஒழுங்கா சர்வீஸ் பண்ண முடியலை. குபோட்டா கம்பெனி வழக்குப் போட்டு, 1997-ல் அந்நாட்டு சர்வதேச வர்த்தக ஆணையம் அந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. 1999-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செஞ்சது. நமக்கு இதில் என்ன? பிராண்ட் பெயர் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. அந்த மாடலோட கிளட்ச் பிளேட் வத்தலக்குண்டிலோ, பழநியிலோ, திண்டுக்கல்லிலோ கிடைக்குதான்னு விலை பேசுறதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேளுங்க. பூண்டு நடவு நேரத்தில் ஒரு சீலுக்காகப் பத்து நாள் வண்டி நின்னா, குறைஞ்ச விலைக்கு வாங்கினதெல்லாம் அதிலேயே போயிடும்.

இப்போ கொஞ்சம் சீரியஸா... மலையில் டிராக்டர் ஆளைக் கொல்லும். படி வயலுக்குள்ளே நுழையணும்னுதான் குறுகலான வண்டியைத் தேடுறோம். அந்தக் குறுகலே அதைப் பக்கவாட்டில் சாய்க்கும். வயல் ஓரத்துக் கட்டு எவ்வளவு உயரமோ, குறைஞ்சது அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியே ஓட்டணும். மழை பெய்ஞ்சு ஊறின கட்டுன்னா இன்னும் தள்ளி. எதை இழுத்தாலும் பின்னால் கீழே இருக்கிற கொக்கியில்தான் மாட்டணும். மேலே கட்டி இழுத்தா முன் சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமா மல்லாந்துடும். அதுக்கு ரெண்டு செகண்ட் கூட ஆகாது, குதிக்க நேரம் கிடைக்காது. ஸ்வீடனில் புது டிராக்டருக்கெல்லாம் கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத கம்பிச் சட்டம் கட்டாயம்னு 1959-லேயே சட்டம் போட்டுட்டாங்க. ரெண்டு வண்டியில் ஒண்ணுக்கு அந்தச் சட்டம் இருந்தா, விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்க. சீட் பெல்ட்டையும் போடுங்க.

டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக். வயலில் சட்டுனு திரும்ப அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் ரெண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டுற கொக்கியை மாட்டியே ஆகணும். மறந்துட்டு இறக்கத்தில் ஒத்தை பிரேக்கை அமுக்கினா வண்டி அப்படியே ஒரு பக்கமா சுழன்றுடும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஹீரோக்களுக்கும் இதே கதிதான். மட்கார்டில் உட்கார்ந்து போற தங்கச்சி, தம்பிகளை இறக்கி விடுங்க. அப்புறம், ரொட்டவேட்டரைச் சுத்துற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9. குளிருக்குப் போட்ட மப்ளர் நுனி சிக்கினா ஒரே செகண்டில் ரெண்டு மீட்டர் உள்ளே போயிடும். தண்டு மேலே பிளாஸ்டிக் உறை இல்லாத வண்டியா? முதல் செலவு அதுக்குத்தான்.

'அப்போ பவர் டில்லரே போதுமே'ன்னு தோணுதா? பல வீட்டுக்கு அதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமா, நாலஞ்சு படியில் சிதறிக் கிடக்கிற நிலத்துக்கு டிராக்டர் திரும்பவே இடம் இருக்காது. அப்பாவை டேப் எடுத்து வயல் அகலத்தை அளக்கச் சொல்லுங்க, பாதி விடை அங்கேயே கிடைச்சிடும். ஆனா டில்லரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சமமான இடத்தில் இடது கிளட்ச்சைப் பிடிச்சா இடது பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே இடது கிளட்ச் வலது பக்கம் திருப்பிடும்! விடுபட்ட இடது சக்கரம் தானா உருண்டு முந்திடும், வலது சக்கரத்தை இன்ஜின் பிடிச்சு வெச்சிருக்கும். தெரியாம ஓட்டினா வண்டி நேரா பள்ளத்துக்குத்தான்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி கீழ்மலைக்காரங்க காபித் தோட்டத்துக்கு இதெல்லாம் சரிப்படாது. நிழல் மரங்களுக்கு நடுவே குதிரை போற பாதையில் டிராக்டருக்கு என்ன வேலை? அகலமான வயல் இருக்கிற மேல்மலைக்காரங்க, அதுவும் ரெண்டு மூணு குடும்பமா சேர்ந்து, மேலே சொன்ன பாதுகாப்போட வாங்கினா மட்டும்தான் கணக்கு உதைக்காது. வாங்குறதுக்கு முன்னாடி வேளாண் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகைக்கு வண்டி கிடைக்குமான்னும் விசாரிங்க. ஒரு சீசன் வாடகைக்கு ஓட்டிப் பார்த்தா, சொந்தமா வேணுமான்னு தெரிஞ்சிடும்.

வாங்கியாச்சா? வேலை முடிஞ்சதும் சாயங்காலமே டேங்கை ரொப்பி வைங்க. பாதி காலியா விட்டா, ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கிற ஈரக் காற்று வியர்த்து டீசலில் தண்ணியா இறங்கும். டேங்கில் டீசல் குறைவா இருந்தா சரிவில் ஒரு பக்கமா ஒதுங்கி ஏர் லாக்கும் ஆகும். ஃபில்டர் கிண்ணத்தில் தங்கின தண்ணியைத் திறந்து விடுங்க. ஆயில் அளவை சமதரையில் நிறுத்தித்தான் பார்க்கணும், சரிவில் டிப் ஸ்டிக் பொய் சொல்லும். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொண்ணிலும் கிரீஸ் கன் போகணும். ரொட்டவேட்டர் பிளேடு போல்ட்டை தினமும் முறுக்கிப் பாருங்க, ஆனா இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டியில் போட்டு வைங்க. எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எப்போ ஆயில் மாத்தினோம், யாருக்கு உழுதோம், எவ்வளவு பாக்கின்னு அப்பா எழுதட்டும். லீவுக்குப் போகும்போது நீங்க கூட்டிப் பாருங்க. அப்புறம், உங்ககிட்ட இருக்கிறது டூ வீலர் லைசென்ஸ் மட்டும்னா ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க, எல்.எம்.வி. எடுத்துட்டு வாங்க!