புகையில்லா அடுக்களை

பூஜை அறைக்கு அடுத்தபடியாகப் புனிதமான இடம் அடுக்களை என்று சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆயினும் வீட்டிலே கரி படிந்து, கண் எரிந்து, மூச்சுத் திணறும் இடமும் அதுவேயாகும். ஊதுகுழலும் கையுமாக விறகடுப்பின் முன் அமரும் தாய்மாரின் கண்ணீரை நாம் இயற்கையென்றே எண்ணிவிட்டோம். வீட்டினுள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. எரிவாயு வந்துள்ள வீடுகளிலும் வெந்நீருக்கும் விசேஷங்களுக்கும் விறகு இன்னும் எரிகின்றது.

இக்குறையை நம் தேசத்தார் வெகுகாலம் முன்பே உணர்ந்தனர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியடிகளின் விருப்பப்படி 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்த முன்வந்தார். வார்தாவில் அச்சங்கம் இயங்கிய மகன்வாடியின் பெயரால், புகைபோக்கி கொண்ட 'மகன் சூலா' என்னும் அடுப்பு பின்னர் வழங்கலாயிற்று. ஹைதராபாத்தில் பொறியியலாளர் எஸ். பி. ராஜுவும் புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்தளித்தார்.

இத்தகைய அடுப்பை வீட்டிலேயே கட்டலாம். சுட்ட செங்கல், களிமண், நறுக்கிய வைக்கோல், சிறிது சாணம் ஆகியவை போதும். மண்ணையும் வைக்கோலையும் சில நாள் நீரில் ஊறவிட்டால் கலவை நன்கு பிடிக்கும். நெருப்புப் படும் உட்புறத்தில் சிமெண்டு கூடாது, சூட்டில் வெடித்துவிடும். மேடையின் முன்புறம் விறகு வைக்க ஒரே வாயும், மேலே இரண்டு கண்களும் அமைத்து, கண்களை உள்வழியொன்றால் இணைக்க வேண்டும். நம் பாட்டிமாரின் கொடியடுப்பும் இம்முறையே. அவ்வழியை இரண்டாம் கண்ணுக்கு அப்பால் புகைபோக்கியில் சேர்த்து, அதனைக் கூரைக்கு மேல் இரண்டடியாவது உயர்த்தி, மழைமூடி இடுக. சூடான புகை மேலேறும்போது புதிய காற்று தானே வாயினுள் நுழையும். குழாய்க்குக் கல்நார் வேண்டாம். அது நுரையீரலுக்குத் தீங்கு. கீற்றுக் கூரையாயின், புகைபோக்கி கீற்றைத் தொடாதபடி இடைவெளி விட்டுத் தகரம் வைக்க வேண்டும்.

பழைய அடுப்பில் பாத்திரத்தைத் தாங்கும் குமிழ்களின் இடைவெளியே புகைக்கு வழியாகும். இவ்வடுப்பில் குமிழ் இல்லை. பாத்திரத்தின் அடி கண்ணில் நன்கு பொருந்தியிருத்தல் அவசியம். ஆகவே, சமைப்பவரைக் கலந்து, அவர் அன்றாடம் ஏற்றும் சோற்றுப்பானைக்கும் குழம்புச் சட்டிக்கும் அளவெடுத்த பின்னரே கண்களை அமைக்க வேண்டும். பாத்திரம் வைக்காத கண்ணை மூடியிடுக.

இனி முக்கியமான விஷயம். ஒரிஸ்ஸாவில் இவ்வகை அடுப்புகளைப் பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள் கவனித்தறிந்த ஆராய்ச்சி ஒன்று 2012-இல் வெளியாயிற்று. முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அந்த நன்மை மறைந்தது. விரிசலைப் பூசுவாரும் குழாயைத் துடைப்பாரும் இல்லை. அடுப்பை உபயோகிப்பதும் குறைந்துபோயிற்று.

ஆதலால், புகைபோக்கியின் அடியில் கரி எடுக்க ஒரு சிறு துவாரம் விடுக. அடிக்கடி அதனைத் திறந்து கரியை நீக்குக. கூரைமேல் ஏறித் துடைக்கும் வேலையையும் சமைப்பவர் தலையில் சுமத்தலாகாது. அது வீட்டு ஆடவரின் கடமையாகட்டும். சமைத்ததை அனைவரும் உண்ணும்போது, புகையை மட்டும் ஒருத்தி உண்பது நியாயமோ?